குறைமாதக் குழந்தை: கண் பரிசோதனைக்கு 40 நாள் காத்திருக்கலாமா?

கேள்வி: எங்கள் மகள் 31-வது வாரத்தில் 1,450 கிராம் எடையோடு பிறந்தாள். 24 நாள் அரசு மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவில் இருந்துவிட்டு, 1,720 கிராமில் வீட்டுக்கு வந்திருக்கிறாள். 28-ம் நாள் கண் பரிசோதனைக்கு வரச்சொல்லி டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருக்கிறார்கள். "பிள்ளை நன்றாகத்தான் பார்க்கிறாள், 40 நாள் கழியட்டும்" என்கிறார் என் மாமியார். தள்ளிப்போடலாமா? பால் கொடுப்பதையும் உடம்புச் சூட்டையும் வீட்டில் எப்படிக் கவனிப்பது?
வாசகி, தர்மபுரி மாவட்டம்

பதில்: தள்ளிப்போடாதீர்கள். அந்தச் சீட்டில் உள்ள தேதிகளில் ஒன்றுகூட நகரக்கூடாதது என்றால், அது இந்தக் கண் பரிசோதனைத் தேதிதான்.

விழித்திரையின் ரத்தக்குழாய்கள் கர்ப்பத்தின் நடுவில் வளரத் தொடங்கி, ஏறத்தாழ 40-வது வாரத்தில்தான் ஓரம்வரை போய்ச் சேரும். 31 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு அந்த வளர்ச்சி பாதியில் நிற்கிறது. வெளியே வந்தபின் ஆக்சிஜன் அளவு ஏறி இறங்குவதால் சிலருக்குக் குழாய்கள் தாறுமாறாகக் கிளைத்து, தழும்பாகி, விழித்திரையையே இழுத்துப் பிய்த்துவிடும். இதற்கு ஆர்.ஓ.பி. என்று பெயர். தொடக்கத்தில் வெளியே ஓர் அறிகுறியும் இருக்காது. கண் சிவக்காது, பீளை வராது, விளக்கைப் பார்த்தால் குழந்தை கண் சிமிட்டும். கருவிழிக்குள் வெள்ளையாகத் தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். அதனால்தான் நம் நாட்டில் 34 வாரத்துக்கு முன்போ 2,000 கிராமுக்குக் குறைவாகவோ பிறந்தவர்களுக்கு 30 நாளுக்குள் முதல் பரிசோதனை என்று வைத்திருக்கிறார்கள். 28 வாரத்துக்கு முன்போ 1,200 கிராமுக்குக் கீழோ பிறந்திருந்தால் இன்னும் முன்னதாக, 2-3 வாரத்திலேயே பார்க்க வேண்டும். சிகிச்சை தேவை என்று தெரிந்தால் லேசரோ கண்ணுக்குள் ஊசியோ 2, 3 நாளுக்குள் நடக்க வேண்டும். வாரங்களை இழக்க இதில் இடமே இல்லை.

எல்லாக் கண் மருத்துவர்களும் இதைச் செய்வதில்லை. சீட்டில் குறித்த இடத்துக்கே போங்கள். கண் பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து விடுவார்கள். அது வேலை செய்ய ஒரு மணி நேரம் வரை ஆகும். வாந்தி வந்து புரையேறாமல் இருக்க, பரிசோதனைக்கு முந்தைய ஒரு மணி நேரம் பால் வேண்டாம். குழந்தை வீறிட்டு அழும், சில நிமிடங்களில் முடிந்துவிடும். பிறகு மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். அன்று முழுவதும் மூச்சு சீராக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு தடவையோடு முடிகிற விஷயம் இல்லை இது. விழித்திரை முதிரும்வரை ஒன்று, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரச்சொல்வார்கள்.

உங்கள் மாமியார் சொல்வதிலும் பொருள் இருக்கிறது. 40 நாள் வெளியே எடுக்காததன் நோக்கம் தொற்று அண்டாமல் காப்பது. அந்த நோக்கத்தைக் காப்பாற்றுங்கள்: பார்க்க வருகிறவர்களை நிறுத்துங்கள், சளி பிடித்தவரை அறைக்குள் விடாதீர்கள், தொடும் முன் எல்லோரும் சோப்பு போட்டுக் கை கழுவட்டும். மருத்துவமனைக்கு மட்டும், நெஞ்சோடு கட்டிக்கொண்டு போய்வாருங்கள்.

அப்படிக் கட்டிக்கொள்வதுதான் கங்காரு பராமரிப்பு. 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் பற்றாக்குறையில் தொடங்கிய முறை. இன்று உலக சுகாதார நிறுவனம் எல்லாக் குறைமாதக் குழந்தைகளுக்கும் நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் இதைப் பரிந்துரைக்கிறது. குழந்தைக்குத் தொப்பி, டயப்பர், காலுறை மட்டும் போதும். இரு மார்புகளுக்கு நடுவே நிமிர்த்தி வைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, கால்களைத் தவளைபோல் மடக்கி, பழைய பருத்தி வேட்டியால் கட்டுங்கள். துணியின் மேல் விளிம்பு குழந்தையின் காதுக்குச் சற்றுக் கீழே நிற்கட்டும். இதில் நேரும் பெரிய தவறு, தலை முன்னால் சரிந்து தாடை நெஞ்சில் முட்டுவது. இந்த வயதில் மூச்சுக்குழல் மிகவும் மென்மை, உடனே அடைபடும். முகம் எப்போதும் உங்கள் கண்ணில் பட வேண்டும். படுக்கும்போது மல்லாந்து விடாமல் தலையணைகளில் சாய்ந்திருங்கள். ஒரு தடவை வைத்தால் ஒரு மணி நேரமாவது எடுக்காதீர்கள். அப்பாவும் பாட்டியும் முறை வைத்துச் செய்யலாம். 2,500 கிராமை நெருங்கும்போது அவளே நெளிந்து வெளியேறப் பார்ப்பாள், அப்போது நிறுத்தலாம்.

சூடு போதுமா என்று அறிய வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். வயிறு கதகதப்பாகவும் பாதம் சில்லென்றும் இருந்தால் குளிர் பிடிக்கத் தொடங்கியிருக்கிறது, உடனே நெஞ்சில் கட்டுங்கள். இரண்டும் சில்லென்றிருந்தால் கட்டியபடியே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.

பால்: நாளுக்கு ஒரு கிலோவுக்குச் சுமார் 150-160 மி.லி. உங்கள் மகளுக்கு 260-275 மி.லி. இரண்டு மணிக்கு ஒருமுறை என்றால் வேளைக்கு 22-23 மி.லி. உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சுவிடுவது மூன்றும் 34 வாரம் அளவில்தான் ஒத்துப்போகத் தொடங்கும். அவள் இப்போது அந்த வாசலில் இருக்கிறாள். எனவே முதலில் மார்பில் விடுங்கள், களைத்தால் பீய்ச்சிய பாலைப் பாலாடையில் கன்னத்தின் உட்புறமாகச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். வாயிலிருப்பதை விழுங்கிய பிறகே அடுத்தது. தூங்கினாலும் எழுப்பிக் கொடுங்கள். பசித்தால் அழுவதற்குக்கூட இவர்களுக்குத் தெம்பு இருப்பதில்லை. வாரம் ஒருமுறை, அதே தராசில், துணியில்லாமல் எடை பாருங்கள். 150-200 கிராம் கூடினால் நல்லது. சர்க்கரைத் தண்ணீர், வசம்பு, உரைமருந்து வேண்டாம். சாம்பிராணிப் புகை இந்த நுரையீரலுக்கு ஆகவே ஆகாது. இரும்புச்சத்துச் சொட்டு கம்பெனிக்குக் கம்பெனி அடர்த்தி மாறும். பாட்டில் மாறினால் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பால் குடிக்க மறுத்தால், நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு வாங்கினால், நெஞ்சு உள்வாங்கினால், மூச்சு நின்று நின்று வந்தால், வலிப்பு வந்தால், துவண்டால் 108-ஐ அழையுங்கள். நோயுற்ற குழந்தைக்கு ஒரு வயதுவரை அரசு மருத்துவமனையில் சிகிச்சையும் போக்குவரத்தும் இலவசம்.

45-ம் நாள் ஊசியைப் பிறந்த தேதியிலிருந்தே எண்ணுங்கள். குப்புற விழுவது, உட்காருவது போன்றவற்றுக்கு மட்டும், 9 வாரம் முன்னதாகப் பிறந்ததால், வயதிலிருந்து 9 வாரத்தைக் குறைத்துக் கணக்கிட வேண்டும். 28-ம் நாள் போகும்போது டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் வைத்திருங்கள். காதுக்கான பெரா பரிசோதனை என்றைக்கு என்றும் அங்கேயே கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.