எனாமலை வளர்க்கும் பேஸ்ட்டுக்கு 450 ரூபாயா?

கேள்வி: குளிர்ந்த தண்ணீர் பட்டாலே பல் கூசுகிறது. 'தேய்ந்த எனாமலை மீண்டும் வளர்க்கும்' என்று விளம்பரம் வரும் ஹைட்ராக்ஸிஅபடைட் பேஸ்ட் 450 ரூபாய். வாங்கலாமா? பல்லுக்காகக் கால்சியம் மாத்திரையும் போடட்டுமா?
- வாசகி, தருமபுரி

பதில்: 'வளர்க்கும்' என்ற வார்த்தையை நம்பி வாங்காதீர்கள். பல்லின் கடினமான மேல்பூச்சான எனாமலை உருவாக்கும் செல்கள், பல் ஈறைவிட்டு வெளியே வரும்போதே அழிந்துவிடுகின்றன. எனாமலின் எடையில் சுமார் 96 சதவீதம் தாதுதான், பெரும்பாலும் ஹைட்ராக்ஸிஅபடைட் படிகம். தேய்ந்து போன பகுதியை எந்த பேஸ்ட்டும் திரும்பக் கட்டாது.

ஆனால் தேய்வு வேறு, தாது கரைவது வேறு. இனிப்பைத் தின்னும் கிருமிகள் அமிலம் விடும். வாயின் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண், குறைந்தால் அமிலம் அதிகம்) சுமார் 5.5-க்குக் கீழே போனால் படிகம் கரையத் தொடங்கும். அமிலம் தணிந்ததும் உமிழ்நீரில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் மறுபடி படியும். பல்லில் குழி விழாதவரை இந்தப் பழுதுபார்ப்பு நடக்கும். ஃப்ளோரைடு இருந்தால் படிவது வேகமாகும். படியும் தாதுவும் அமிலத்தை இன்னும் கொஞ்சம் தாங்கும். சாதாரண ஃப்ளோரைடு பேஸ்ட்டே இதைச் செய்கிறது. இந்தியாவில் பேஸ்ட்டில் ஃப்ளோரைடுக்கு உச்சவரம்பு 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1000 பங்கு). அட்டையில் அந்த எண்ணைப் பாருங்கள், விளம்பரப் படத்தை அல்ல.

ஹைட்ராக்ஸிஅபடைட் வெறும் ஏமாற்று என்றும் சொல்ல மாட்டேன். ஜப்பானில் 1980 முதல் விற்பனையில் இருக்கிறது. எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டினின் நுண்குழாய்களை அடைத்துக் கூச்சத்தைக் குறைக்கும். பொட்டாசியம் நைட்ரேட் கலந்த பேஸ்ட்டும் கூச்சத்துக்கு உதவும், விலையும் பெரும்பாலும் குறைவு. முதலில் அதைச் சில வாரம் பயன்படுத்திப் பாருங்கள். கூச்சம் ஒரே பல்லில் என்றால் பேஸ்ட் தேடாமல் பல் மருத்துவரிடம் போங்கள். விரிசலோ சொத்தையோ இருக்கலாம்.

நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்த தருமபுரி என்பதால் ஒன்று. வீட்டில் எட்டு வயதுக்குள் பிள்ளைகள் இருந்து, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தால் அதைப் பரிசோதித்துவிடுங்கள். ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு கூடாது. பல் உருவாகும் வயதில் அது மிகுந்தால் தாது சரியாக இறுகாது, கறை படியும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். மூன்று வயதைத் தாண்டிய குழந்தைக்குப் பட்டாணி அளவு பேஸ்ட் போதும், விழுங்காமல் துப்ப வேண்டும்.

மாத்திரை எனாமலுக்குப் போய்ச் சேராது. அது எலும்புக்கான செலவு. எலும்பில் செல்கள் உயிரோடு இருந்து, பழையதைக் கரைத்து, கொலாஜன் என்ற புரத இழைகளின் மேல் புதுத் தாதுவைப் படியவைத்துக்கொண்டே இருக்கும். குறைபாடு இருப்பதாக மருத்துவர் சொன்னால் மட்டும் வாங்குங்கள். வாங்கும்போது லேபிளில் 'எலிமென்டல் கால்சியம்' எவ்வளவு என்று பாருங்கள்: 1250 மி.கி. கால்சியம் கார்பனேட்டில் கிடைப்பது 500 மி.கி. கால்சியம்தான். கார்பனேட் வகையைச் சாப்பாட்டோடு போட வேண்டும்.

பொய் விளம்பரம் என்று தோன்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் சொல்லலாம். பில்லையும் அட்டையையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.