ஒரு பக்க இடுப்பு வலி பல மாதமாக விடவில்லை. கிட்னியா, ஜவ்வு விலகலா?

மதுரையில் தையல் வேலை பார்க்கிறேன். மோட்டார் மெஷின் பெடலை நாள் முழுக்க வலது கால்தான் மிதிக்கும், எனக்கும் வலது பக்கம் மட்டும்தான் வலி, அதுவும் மாதக்கணக்கில். அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் கிட்னி பயம். கல் வலி என்றால் விலாவுக்குக் கீழே கிளம்பி அடிவயிறு, தொடை இடுக்கு வரை இறங்கும், எப்படிப் புரண்டாலும் அடங்காது. குனிந்தால் கூடி, படுத்தால் குறைகிற வலி பெரும்பாலும் தசையோ மூட்டோதான். சிறுநீரில் எரிச்சல், ரத்தம், கூடவே காய்ச்சல் இருந்தால் உடனே டாக்டரிடம் போங்கள்.

"வலிக்கிற இடத்தை ஒரே விரலால தொட்டுக் காட்டுங்கண்ணே" என்றார் பிசியோதெரபிஸ்ட். இடுப்புக்குக் கீழே, பின்பக்கம் சின்னக் குழி தெரியுமே, அதை ஒட்டித் தொட்டேன். முதுகெலும்பின் அடிப்பகுதியும் இடுப்பெலும்பும் சேருகிற மூட்டு அங்கேதான் இருக்கிறது. படியேறும்போது, படுக்கையில் புரளும்போது, ஒற்றைக் காலில் நின்று பேன்ட் மாட்டும்போது சுருக்கென்றால் அந்த மூட்டைச் சந்தேகப்படலாம், ஆனால் அவர் காலை மடக்கி, அழுத்தி, நாலைந்து விதமாகப் பார்த்த பிறகுதான் சொன்னார். முழங்காலுக்குக் கீழே பாதம் வரை மின்சாரம் மாதிரி இழுத்தால் அது நரம்பு சமாச்சாரம்.

ஸ்கேனில் "ஜவ்வு விலகல்" என்று வந்தாலே பதறாதீர்கள், வலியே இல்லாத எத்தனையோ பேருக்கும் வயது கூடக்கூட அது தெரியும். படுத்தே கிடப்பதும் வேண்டாம், தசை தளர்ந்துபோகும். நான் பெடலை நடுவில் தள்ளி வைத்தேன், ஒரு துணி முடிந்ததும் எழுந்து நிற்கிறேன், காலையில் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கிறேன். அப்புறம், மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, பிட்டத்தை இறுக்கி இடுப்பை மெதுவாகத் தூக்கி இறக்கும் பயிற்சி. குறைவதற்கு வாரக்கணக்கில் ஆகும், நடுவில் விட்டுவிடாதீர்கள். தனியாரில் கட்டணம் கட்ட முடியாவிட்டால் ராஜாஜி அரசு மருத்துவமனையிலேயே பிசியோதெரபி இருக்கிறது.

இளவயதுக்காரர் என்றால் இன்னொன்று: காலையில் அரைமணி நேரத்துக்கு மேல் இடுப்பு விறைத்திருந்து, நடமாடினால் சரியாகி, ஓய்வெடுத்தால் கூடுகிறதா? அது மூட்டுவாதமாக இருக்கலாம், வாதநோய் நிபுணரிடம் காட்டுங்கள்.

உட்காரும் இடம் மரத்துப்போவது, சிறுநீர் வராமல் நிற்பது அல்லது தானாகப் போவது, கால் பலமிழப்பது, இதில் எது வந்தாலும் எண்ணெய் தேய்க்கவோ சுளுக்கு எடுக்கவோ போகாமல் அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.