கார் ஷெட்டை மரவேலைப் பட்டறையாக மாற்றுகிறேன். எத்தனை பிளக், எந்த வயர் போடலாம்?

உங்கள் ஷெட் 6 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். வீட்டு மெயின் போர்டிலிருந்து 25 மீட்டர் தள்ளி இருக்கிறது. இப்போது உள்ளே ஒரு விளக்கும் ஒரு பிளக்கும் மட்டுமே இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை பிளக் என்பதைக் கடைசியில் முடிவு செய்யலாம். எந்தெந்த இயந்திரங்கள் ஒரே நேரத்தில் ஓடும் என்பதை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். பட்டறை வயரிங் முழுவதும் அந்தத் தாளிலிருந்துதான் பிறக்க வேண்டும். நான் அப்படிச் செய்யாமல் தொடங்கினேன். அதன் விளைவைச் சொல்லிவிடுகிறேன்.

என் முதல் பட்டறையில் விளக்கு, ரம்பம், கம்ப்ரசர் மூன்றுமே ஒரே 16 ஆம்பியர் பிரேக்கரில் இருந்தன. ஓர் இரவு மேசை ரம்பத்தில் பலகை அறுத்துக்கொண்டிருந்தேன். காற்றை அழுத்தி அடைக்கும் கம்ப்ரசரில் அழுத்தம் குறைந்ததும் அது தானாகக் கிளம்பியது. பிரேக்கர் விழுந்தது, விளக்கும் அணைந்தது. மோட்டாருக்கு மின்சாரம் போய்விட்டாலும் ரம்பத்தகடு உடனே நிற்காது. கும்மிருட்டில், கையிலிருந்து ஒரு சாண் தொலைவில் அது சுழலும் ஓசையைக் கேட்டபடி அசையாமல் நின்றேன். அது முழுவதும் அடங்க எத்தனை விநாடி ஆனது என்று தெரியாது. ஆனால் மறுநாள் காலையில் முதல் வேலையாக விளக்கைத் தனிச் சுற்றுக்கு மாற்ற ஏற்பாடு செய்தேன்.

கணக்கைப் பார்த்தால் அன்று நடந்ததில் வியப்பு ஏதுமில்லை. (230 வோல்ட்டை வைத்துச் சொல்கிறேன். 120 வோல்ட் இருக்கும் இடங்களில் ஆம்பியர் ஏறத்தாழ இரண்டு மடங்காகும்.) ரம்பம் அறுக்கும்போது 10 ஆம்பியர் இழுத்தது. கம்ப்ரசர் மோட்டார் ஓடும்போது 7 ஆம்பியர்தான். ஆனால் அதில் இருப்பது போன்ற தூண்டல் மோட்டார் கிளம்பும் கணத்தில் ஐந்திலிருந்து ஏழு மடங்கு வரை இழுக்கும். ஆறு மடங்கு என்று வைத்தால் 42. ரம்பத்தோடு சேர்த்து 52. 'பி' வகை பிரேக்கர் தன் அளவைப்போல் மூன்று முதல் ஐந்து மடங்குக்குள் உடனே விழும். 16 ஆம்பியர் பிரேக்கருக்கு அது 48 முதல் 80 வரை. அதனால்தான் சில நாள் தாங்கியது, சில நாள் விழுந்தது. 'சி' வகை ஐந்து முதல் பத்து மடங்குக்குள்தான் உடனே விழும். மோட்டார் இயந்திரங்களுக்கு அதுவே பொருந்தும். பிரேக்கர் விழுகிறதே என்று 16ஐக் கழற்றிவிட்டு 25 போடுவது மட்டும் வேண்டாம். பிரேக்கர் காப்பது வயரை. வயர் தாங்கும் அளவைவிடப் பெரிய பிரேக்கர் போட்டால், சூடு தாளாமல் உருகுவது சுவருக்குள் இருக்கும் வயராகத்தான் இருக்கும்.

ஆகவே என் கருத்தில் ஷெட்டுக்குள் ஒரு சிறு போர்டு வைத்து, அதிலிருந்து தனித்தனிச் சுற்றுகளைப் பிரிக்க வேண்டும். ரம்பம், இழைப்பு இயந்திரம் போன்ற பெரியவற்றுக்கு ஒன்று. ஒருவரே வேலை செய்யும் பட்டறையில் அவை இரண்டும் ஒன்றாக ஓடுவதில்லை என்பதால் ஒரே சுற்று போதும். தூசி உறிஞ்சிக்குத் தனியாக ஒன்று வேண்டும். ஏனென்றால் எந்த இயந்திரம் ஓடினாலும் அதுவும் கூடவே ஓடும். தானாகக் கிளம்பும் கம்ப்ரசருக்கு ஒன்று. வேலை மேசையில் கைக்கருவிகளுக்கு ஒன்று. விளக்குக்கு ஒன்று.

விளக்கைப் பற்றி இன்னும் ஒரு சொல். அதற்குத் தனிப் பிரேக்கர் கொடுத்தால் மட்டும் போதாது. மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் ஆர்சிசிபி (RCCB) ஒன்றே கருவிகளுக்கும் விளக்குக்கும் பொதுவாக இருந்தால், பழைய டிரில் ஒன்றில் கசிவு ஏற்பட்டாலும் மறுபடி அதே இருட்டுதான். விளக்குக்குத் தனி ஆர்சிசிபி கேளுங்கள். மெயின் போர்டில் இருப்பது முழு வீட்டையும் ஷெட்டையும் சேர்த்துத் துண்டிக்கும் வகையா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். பேட்டரி வைத்த அவசர விளக்கு ஒன்றும் கூரையில் இருக்கட்டும்.

ஆர்சிசிபி செய்யும் வேலையைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். ஃபேஸில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்புவதும் சமமாக இல்லையென்றால், மிச்சம் வேறெங்கோ கசிகிறது என்று அது முடிவு செய்கிறது. 1961ல் இத்தகைய காப்புக் கருவியை உருவாக்கிய சார்லஸ் டால்சீல், அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பேராசிரியராக இருந்தவர். தன்னார்வலர்களை வைத்து அவர் செய்த சோதனைகளில், பிடித்த கம்பியிலிருந்து கையை விட முடியாமல் போகும் மின்னோட்டம் ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5 என்று தெரியவந்தது. நாம் போடும் ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியருக்கானது. அதாவது ஷாக் அடிக்கவே அடிக்காது என்று அது உறுதி தரவில்லை. இதயத்தைக் குலைக்கும் அளவுக்கு நேரம் கொடுக்காமல் துண்டிக்கிறது, அவ்வளவுதான். ஒரு கையில் ஃபேஸும் மறு கையில் நியூட்ரலும் பட்டால் அதற்கு எதுவும் தெரியாது. ஆர்சிசிபி இருக்கிறதே என்று விடாமல், எர்த் இணைப்பு சரியாக இருப்பதை அளந்து பார்த்தே ஏற்க வேண்டும். கான்கிரீட் தரை ஈரம் பிடிக்கும் இடத்தில் இதில் சமரசமே கூடாது.

இனி உங்கள் 25 மீட்டர் தூரம். போக வர 50 மீட்டர் செம்பு. 2.5 சதுர மி.மீ. வயரில் அதன் மின்தடை சுமார் 0.35 ஓம். மேலே சொன்ன 52 ஆம்பியர் பாயும்போது 18 வோல்ட் வழியிலேயே போய்விடும். மோட்டாரின் முறுக்குவிசை மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், 8 சதவீத இழப்பு முறுக்கில் 15 சதவீதக் குறைவாகிறது. கம்ப்ரசர் முனகிக்கொண்டு கிளம்பத் தயங்குவதற்கு இது ஒரு காரணம். 6 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 8 வோல்ட்டுக்குள் நிற்கும். வீட்டிலிருந்து ஷெட்டுக்கு வரும் வழியில் மிச்சம் பிடிக்க வேண்டாம் என்பேன். உள்ளே ஓடும் சுற்றுகள் குறுகியவை, கருவிகளுக்கு 2.5, விளக்குக்கு 1.5 போதும்.

பிளக்கின் உயரம் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை. எட்டுக்கு நான்கு அடி பிளைவுட்டை நீளவாக்கில் சுவரில் சாய்த்தால் அது ஏறத்தாழ 120 செ.மீ. உயரம் வரும். பிளக் 130 செ.மீ. உயரத்தில் இருந்தால் எந்தப் பலகையும் அதை மறைக்காது. அதே ஷெட்டில் காரும் நிற்கும் என்றால் இன்னொரு காரணமும் உண்டு: பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோரமாகப் படியும். பொறி பறக்கக்கூடிய பிளக்கும் சுவிட்ச்சும் தரைக்கு அருகில் இருக்கவே கூடாது. வயர் போகும் பைப்பைச் சுவருக்குள் புதைக்காமல் சுவரின் மேலேயே ஓட்டுங்கள். இயந்திரங்களின் இடம் ஓராண்டுக்குள் எப்படியும் மாறும். அப்போது சுவரை உடைக்க வேண்டியிருக்காது.

வெளிச்சத்துக்கு மேசைமேல் 500 லக்ஸ், அதாவது சதுர மீட்டருக்கு 500 லூமன் ஒளி, என்று எடுத்துக்கொள்ளுங்கள். 18 சதுர மீட்டருக்கு 9000 லூமன். சுவரும் கூரையும் விழுங்குவதைச் சேர்த்தால் 15,000. சுமார் 2000 லூமன் தரும் நான்கடி எல்இடி குழல்கள் எட்டு. பழைய சோக் வைத்த டியூப் லைட் வேண்டாம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது நொடிக்கு 100 முறை மங்கித் தெளியும். அந்த வெளிச்சத்தில் சுழலும் ரம்பத்தகடு நின்றுவிட்டதுபோலவோ மெல்ல நகர்வதுபோலவோ தெரியலாம். மலிவான எல்இடிகளிலும் இந்தக் குறை உண்டு. கைபேசிக் கேமராவை விளக்கை நோக்கிப் பிடித்து, திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடுகின்றனவா என்று பாருங்கள்.

பெரிய இயந்திரங்களுக்கு, மின்சாரம் போய்த் திரும்பினால் தானாக ஓடாத வகை சுவிட்ச் வேண்டும். பழைய ரம்பமாக இருந்தால் இதை வாங்கிப் பொருத்துங்கள். போர்டுக்குத் தூசி புகாத, ஐபி 65 தரமுள்ள பெட்டி போடுங்கள். நீட்டிப்பு வயர் சுருளை முழுவதும் பிரித்த பிறகே பயன்படுத்துங்கள். சுற்றியபடியே பெரிய கருவியை ஓட்டினால் உள்சுற்றுகள் சூடேறி உறை உருகும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் எறியாதீர்கள். அது தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து வெளியே உலர்த்துங்கள்.

தாளும் திட்டமும் உங்களுடையதாக இருக்கட்டும். இணைப்பை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனே செய்யட்டும். வயர் இழுப்பதற்கு முன் இரண்டு வாரம் இயந்திரங்களைச் சாக்கட்டிக் கோடுகளுக்குள் நகர்த்தி வைத்துப் பாருங்கள். முழுநீளப் பலகை ரம்பத்துக்கு முன்னும் பின்னும் இடிக்காமல் போகிறதா என்று சோதியுங்கள். வீட்டிலிருந்து ஷெட்டுக்குப் பள்ளம் தோண்டும்போது, கூடவே இன்னொரு காலிப் பைப்பையும் உள்ளே ஒரு இழுகயிறோடு புதைத்து வையுங்கள். மின்சாரக் கார் வாங்கும் நாளில் சார்ஜர் வயரை அதன் வழியே இழுத்துக்கொள்ளலாம்.