கருப்பட்டி ஏன் கரிக்கவில்லை?

அன்புள்ள ஐயா,

எங்கள் பூர்வீகம் கீழக்கரைப் பக்கம். இப்போது மதுரையில் இருக்கிறோம். ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள், 'சூரிய வெளிச்சம் எப்படிச் சர்க்கரையாக மாறும்? வெளிச்சத்தைக் கையில் பிடிக்கவே முடியாதே' என்று கேட்கிறாள். மரம் மண்ணிலிருந்து சத்தை உறிஞ்சி, இலையில் வைத்து வெயிலில் சமைக்கிறது என்று சொல்லிவைத்தேன். அவளுக்கு அது போதவில்லை. இதை விளக்கும் நல்ல தமிழ்ப் புத்தகம் ஒன்று சொல்லுங்கள். இன்னும் இரண்டு கேள்விகள்: இரவில் புளியமரத்தடியில் படுத்தால் ஆபத்தா? செடியிடம் தினமும் பேசினால் நன்றாக வளருமா?

ஒரு வாசகி, மதுரை

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதம் வந்த அன்று என் மேசையில் கருப்பட்டி இருந்தது. சாயல்குடிப் பக்கமிருந்து அக்காள் மகன் கொண்டுவந்தது; சிரட்டையில் வார்த்த பழைய வடிவம். ஒரு வாரமாக அதைக் கிள்ளித் தின்றுகொண்டு, உங்கள் மகள் கேட்டதையேதான் நானும் யோசித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் இந்தப் பதில்.

சின்னக் கேள்விகளை முதலில் தள்ளிவிடுகிறேன். புளியமரம் இரவில் மூச்சுவிடும், எல்லா மரமும் விடும். திறந்த வெளியில் அந்த மூச்சைக் காற்று கலைத்துவிடும். மரத்தடியில் படுப்பவர் பூரானுக்குப் பயந்தால் போதும். செடியிடம் தாராளமாகப் பேசுங்கள், கூடவே தண்ணீரும் ஊற்றுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மகள் கேட்டது அசல் கேள்வி. நீங்கள் சொன்ன பதில் மோசமான பதில். கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்கும் பள்ளியில் அதைத்தான் சொன்னார்கள். மண்ணிலிருந்து உணவு, வேர் வழியாக, இலைக்கு. கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டினார்கள். நானும் நோட்டில் அம்புக்குறி போட்டேன். ஆனால் நான் வளர்ந்த ஊர் அந்த அம்புக்குறியை நம்பவிடவில்லை.

எங்கள் ஊர் கடலிலிருந்து நடக்கிற தூரம். கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. கோடையில் மண்மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். அந்த மண்ணில்தான் பனைகள் நின்றன. பெரியப்பா பனையேறி. விடியுமுன் ஏறி, பாளையின் நுனியைச் சீவி, சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டிவிட்டு வருவார். இறக்கிய பதநீரோ தேன்போல இருக்கும். எனக்கு அப்போது ஒன்பது வயது. பனையடி மண்ணை எடுத்து நக்கிப் பார்த்தேன். கரித்தது. வேரில் ஒரு துண்டைக் கடித்துப் பார்த்தேன். துவர்த்தது. பெரியம்மா பார்த்துவிட்டு, பிள்ளைக்கு வயிற்றில் பூச்சி, மண் தின்கிறான் என்று வேப்பங்கொழுந்தை அரைத்து வாயில் ஊற்றினாள். ஆராய்ச்சிக்கு எனக்குக் கிடைத்த ஒரே பரிசு அது.

இனிப்பு மண்ணிலிருந்து வருகிறது என்றால் எங்கள் ஊர்க் கருப்பட்டி கரித்திருக்க வேண்டும் அல்லவா? அதில் லேசாக ஓர் உப்புச் சாயல் இருப்பதாக ருசி தெரிந்தவர்கள் சொல்வார்கள். மண் கொடுத்தது அந்தச் சாயல்தான். மற்றது மண்ணுடையது அல்ல.

இதை ஒருவர் தராசில் வைத்தே பார்த்தார். பிளாண்டர்ஸ் (இன்றைய பெல்ஜியம்) நாட்டு வான் ஹெல்மாண்ட். உலர்த்திய மண் 200 பவுண்டை ஒரு தொட்டியில் போட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டு, தண்ணீர் மட்டும் ஊற்றினார். ஐந்து வருஷம் கழித்து மரம் 169 பவுண்டு. மண்ணை மறுபடி உலர்த்தி நிறுத்தால் இரண்டு அவுன்ஸ்தான் குறைந்திருந்தது. அவர் இறந்தபின் 1648இல் இது அச்சில் வந்தது. மரம் முழுவதும் தண்ணீரால் ஆனது என்று முடிவுகட்டினார் மனிதர். இதில் ஒரு வேடிக்கை. 'கேஸ்' என்கிற சொல்லை உண்டாக்கியவரே இவர்தான். கரி எரிந்தால் ஒரு வாயு வருகிறது என்றும் எழுதியவர். அதே வாயு தொட்டி மரத்தின் இலைகளைச் சுற்றி நின்றுகொண்டிருந்தது அவருக்குத் தோன்றவில்லை.

அந்த வாயுதான் கரியமில வாயு. பத்தாயிரம் பங்கு காற்றில் அது இன்றைக்குச் சுமார் 4 பங்குதான். அதைத்தான் இலை சலித்து எடுக்கிறது. சலிக்கிற நொதியின் பெயர் ரூபிஸ்கோ. படுசோம்பேறி. நொடிக்கு ஒரு சில மூலக்கூறுகளைத்தான் பிடிக்கும். வெயில் ஏறிவிட்டால் அதுவும் தடுமாறி, கரியமில வாயுவுக்குப் பதில் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். கரும்பு இதற்கு ஒரு தந்திரம் வைத்திருக்கிறது. பனையிடம் அந்தத் தந்திரம் கிடையாது. அது பழைய வழியிலேயே எங்கள் ஊர் வெயிலில் நின்று உழைக்கிறது. அதனால்தானோ என்னவோ, வெல்லத்தையும் கருப்பட்டியையும் ஒரே தட்டில் வைப்பவர்களோடு நான் பேசுவதில்லை.

கணக்கைச் சொல்கிறேன், மகளைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கிலோ சர்க்கரையில் கார்பனும் ஆக்சிஜனும் சேர்ந்து ஏறத்தாழ 935 கிராம். இரண்டுமே கரியமில வாயுவிலிருந்து வந்தவை. மீதி 65 கிராம் தண்ணீரிலிருந்து வந்த ஹைட்ரஜன். அதாவது பதினாறு பங்கில் பதினைந்து பங்கு, கண்ணுக்குத் தெரியாத காற்று. ஒரு கிலோவையும் கையில் வைத்துக் கனத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அவள் பிடித்துக்கொண்டிருப்பது காற்றை.

அப்படியானால் வெளிச்சம் எங்கே போயிற்று என்று கேட்பாள். கேட்கட்டும். வெளிச்சம் சர்க்கரையாக மாறுவதில்லை. இந்த ஒரு வாக்கியத்தை நாம் எல்லோரும் தப்பாகச் சொல்லிக்கொண்டு திரிகிறோம். எங்கள் விடிலிக் குடிசையில் பெரியம்மா உடைமர விறகை வைத்துப் பதநீரைக் காய்ச்சுவாள். கூப்பனி என்கிற பாகுப் பதம் வந்து, இறுகி, கருப்பட்டியாகும். தீ கருப்பட்டியாக மாறிவிட்டது என்று யாராவது சொல்வார்களா? பொருள் பதநீர், வேலை செய்தது தீ. இலையில் பொருள் காற்றும் தண்ணீரும், வேலை செய்வது வெயில். இந்த உவமையில் ஓர் ஓட்டை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். விடிலிச் சூடு கூரைவழியே போய்விடும். இலையில் பட்ட வெயிலில் ஒரு சிறு பங்கு போகாமல் சர்க்கரைக்குள்ளேயே தங்கிவிடும். உடை விறகில் எரிவதும் அப்படித் தங்கிய வெயில்தான். போன வருஷத்து வெயிலைக் கொளுத்தி இந்த வருஷத்து வெயிலைக் காய்ச்சினாள் பெரியம்மா.

வெயிலின் முதல் வேலை தண்ணீரை உடைப்பது. ஹைட்ரஜனை இலை வைத்துக்கொள்கிறது, ஆக்சிஜனை வெளியே விடுகிறது. அந்த ஆக்சிஜன் தண்ணீரிலிருந்துதான் வருகிறது, கரியமில வாயுவிலிருந்து அல்ல என்பதை 1941இல் அமெரிக்க விஞ்ஞானிகள் ரூபனும் கேமனும் கனத்த ஆக்சிஜன் அணுக்களை வைத்துக் காட்டினார்கள். 'மரம் நமக்காக ஆக்சிஜன் தருகிறது' என்று அடுத்த கடிதத்தில் எழுதிவிடாதீர்கள். அது கழிவு. நாம் அதை மூக்கில் இழுத்துக்கொண்டு வாழ்கிறோம்.

பெரியப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது. ஆனால் ஒரு கோடையில் ஓலை வியாபாரி ஒருவர் வந்து, குருத்தை மட்டும் விட்டுவிட்டுப் பச்சை ஓலை முழுவதையும் வெட்டிக்கொள்கிறேன், நல்ல விலை தருகிறேன் என்றார். வீட்டில் பணமுடை. பெரியம்மா பெரியப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அண்ணாந்து மரத்தைப் பார்த்தார். "ஓலையைக் கழித்தால் பதநீர் வற்றிப்போகும் மச்சான், பழுத்ததை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளும்" என்றார். கலயத்தில் சொட்டுவது தலைமேல் இருக்கும் அந்த 30, 40 ஓலைகளின் சம்பாத்தியம் என்று அவர் கணக்கில் இருந்தது. நான் மண்ணை நக்கிக்கொண்டிருந்தேன்.

இரவிலும் கலயம் நிரம்புமே, அப்போது ஏது வெயில் என்று மகள் கேட்பாள். பகலில் செய்ததில் ஒரு பங்கை இலை மாவாக்கி வைத்துக்கொள்ளும். இருட்டியபின் அதைக் கரைத்துச் சர்க்கரையாக்கி அனுப்பும்.

புத்தகம் கேட்டிருந்தீர்கள். மறந்தே போனேன். பங்குனியில் அவளை ஊருக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள். விடியற்காலையில் சாயல்குடிச் சாலையில் பதநீர் கிடைக்கும். முதலில் கிணற்றுத் தண்ணீரை ஒரு மடக்கு வாயில் வைத்துத் துப்பச் சொல்லுங்கள். பிறகு பதநீரைக் கொடுங்கள். எறும்பு மிதக்கும், வழித்துப் போட்டுவிட்டுக் குடிக்கலாம்.