கேள்வி நேரம்: போன் படிக்க மாட்டேன் என்கிற நோட்ஸ்

கேள்வி: பாலக்கோடு பக்கம் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். இந்த வருடம் பார்வை இல்லாத மாணவர் ஒருவர் என் வகுப்பில் சேர்ந்திருக்கிறார். வாட்ஸ்அப் குரூப்பில் நான் போடும் பிடிஎஃப் எதையும் அவர் போன் படித்துக் காட்டுவதில்லையாம், நண்பர்கள் வாசிக்கக் கேட்டுத்தான் படிக்கிறார். நோட்ஸை எல்லாம் என் குரலில் பதிவு செய்து கொடுத்துவிட்டால் போதுமா?
- ஓர் ஆசிரியை, தருமபுரி மாவட்டம்

பதில்: போதாதுங்க. ஒரு மணி நேரப் பதிவில் அதியமான் பற்றிய பத்தி எங்கே வருகிறது என்று அவர் எப்படித் தேடுவார்? ஒரு பெயரை எப்படி எழுதுவது, இதில் வருவது ரகரமா றகரமா என்று சந்தேகம் வந்தால், எழுத்து எழுத்தாக நிறுத்திக் கேட்கவும் முடியாது. அவருக்கு வேண்டியது எழுத்துதான்.

முதலில் உங்கள் பிடிஎஃப்பில் ஒரு வரியைக் காப்பி செய்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். வரியைத் தேர்ந்தெடுக்கவே முடியவில்லை என்றால் அது ஸ்கேன் செய்த வெறும் படம், அதில் டாக்பேக் (ஆண்ட்ராய்டு போனில் திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் வசதி) படிக்க எழுத்தே கிடையாது. ஒட்டிய இடத்தில் சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்துகள் வந்தால் அது பாமினி மாதிரியான பழைய எழுத்துரு. நம் ஊர் டிடிபி கடைகளில் பல வருடமாகப் பழகிய எழுத்துரு அது, கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், ஆனால் 'தமிழ்' என்ற சொல் உள்ளே ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி என்றுதான் இருக்கும். அந்தப் பையன் காதில் விழுவதும் அதுதான், பாவம், எத்தனை பக்கம் அப்படிக் கேட்டிருப்பாரோ! பாமினி ஃபைலை, எந்தப் போனும் தமிழாகவே அடையாளம் காணும் யூனிகோடு எழுத்துக்கு மாற்ற இலவச மாற்றிகள் இணையத்திலேயே கிடைக்கின்றன. ஸ்கேன் என்றால் கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸில் திறங்கள், தமிழை ஓரளவு நன்றாகவே எழுத்தாக்கித் தரும். ஆனாலும் ஒருமுறை உட்கார்ந்து பிழை பாருங்கள், துணைக்காலும் ரகரமும் அடிக்கடி இடம் மாறிவிடும்.

தலைப்பைப் பெரிதாக்கித் தடிமனாக்கினால் மட்டும் போதாது, வேர்டில் இருக்கும் 'ஹெட்டிங்' ஸ்டைலைப் போடுங்கள். அப்போதுதான் அவர் தலைப்புக்குத் தலைப்பு தாவிப் போக முடியும். படங்களுக்கு மாற்று உரை, அதாவது படத்தில் இருப்பதைச் சொல்லும் குறிப்பு, எழுதுங்கள், அதில்தான் நீங்கள் ஆசிரியை என்பது தெரியும். நம் மாவட்டத்து நடுகல் ஒன்றின் போட்டோவுக்கு 'நடுகல் படம்' என்று எழுதினால் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. 'ஒரு கையில் வில்லும் மறு கையில் குறுவாளும் ஏந்திய வீரன், தலைக்கு மேல் வட்டெழுத்தில் மூன்று வரி' என்று, வகுப்பில் மற்றவர்களுக்கு விரல் நீட்டிக் காட்டுவதை அப்படியே எழுதுங்கள்.

அவருக்கென்று தனி ஃபைல் வேண்டாம், எல்லாருக்கும் இதையே அனுப்புங்கள். சித்தேரி, வத்தல்மலையிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு, சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில், ஸ்கேன் செய்த பெரிய ஃபைலைவிட இது சீக்கிரம் இறங்கும். அனுப்பும் முன் உங்கள் போனில் டாக்பேக்கைப் போட்டு, கண்ணை மூடி ஒரு பக்கம் முழுதாகக் கேளுங்கள்.

கேள்வி: என் மகளுக்குப் பார்வை குறைவு. பாடப் புத்தகத்தை ஸ்கேன் செய்து எழுத்தாக மாற்றினால் காப்புரிமைச் சிக்கல் வருமா?
- ஒரு தந்தை, தேன்கனிக்கோட்டை

பதில்: வராது, தைரியமாகச் செய்யுங்கள். 2012-ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, மாற்றுத்திறனாளிகள் படிக்கும் வடிவில் நூலை மாற்றிக்கொள்ள 52-ம் பிரிவில் இடம் கொடுத்துவிட்டார்கள். சொந்தப் படிப்புக்காகச் செய்யலாம், விற்கத்தான் கூடாது. மகள் படிக்கும் பள்ளியிலோ கல்லூரியிலோ கேளுங்கள். மாணவரின் தேவைக்கு ஏற்ற வசதி தருவதைப் பற்றி 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 16-ம் பிரிவில் பேசுகிறது. அதைக் குறிப்பிட்டு முதல்வருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். எழுத்து எந்த அளவில் இருந்தால் வசதி என்பதை மட்டும் மகளிடமே கேட்டு எழுதுங்கள்.