நட்டத்தில் இருக்கும் பங்கை விற்பதா, மேலும் வாங்குவதா?

கேள்வி: அமெரிக்க அலுவலகக் கட்டடங்களை வைத்திருக்கும் ரீட் (சொத்து முதலீட்டு அறக்கட்டளை) ஒன்றை, சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையில், 80 அமெரிக்கக் காசு விலையில் வாங்கினேன். இப்போது விலை 16 காசு, ஈவுத்தொகையும் நின்றுவிட்டது. சந்தையே இறங்குமுகமாக இருப்பதால், விற்காத வரை நட்டமில்லை என்கிறார்கள் நண்பர்கள். லாபத்தில் இருக்கும் வங்கிப் பங்கை விற்று, ரீட்டை மேலும் வாங்கிச் சராசரி விலையைக் குறைக்கலாமா? இரண்டு ஆண்டுகளில் மகளின் பல்கலைக்கழகக் கட்டணத்துக்குப் பணம் தேவைப்படும். – வாசகர், ஈசூன்

பதில்: சந்தை இறங்கும்போதெல்லாம் ராபிள்ஸ் பிளேஸ் முதல் தேக்கா வரை கேட்கிற பேச்சையே உங்கள் நண்பர்களும் சொல்லியிருக்கிறார்கள். இன்று விற்றால் 16 காசு கிடைக்கும் என்றால், உங்களிடம் இருக்கும் சொத்தின் மதிப்பும் 16 காசுதான். நட்டம் ஏற்கெனவே வந்துவிட்டது, விற்பது அதை ஒப்புக்கொள்வது மட்டுமே. அந்த ஒப்புதல் கசப்பதால்தான் லாபப் பங்கை அவசரமாக விற்றுவிட்டு நட்டப் பங்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். 1985இல் ஷெஃப்ரின், ஸ்டாட்மன் ஆகிய அறிஞர்கள் விவரித்த இந்தப் போக்கை, நிதியியல் ஆய்வாளர் டெரன்ஸ் ஓடியன் 1998இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு பங்குத் தரகு நிறுவனத்தின் 10,000 வாடிக்கையாளர் கணக்குகளைக் கொண்டு சோதித்தார். அந்த வாடிக்கையாளர்கள் விற்றுவிட்ட லாபப் பங்குகள், விற்காமல் வைத்திருந்த நட்டப் பங்குகளைவிட அடுத்த ஓராண்டில் சராசரியாக நன்றாகவே ஏறியிருந்தன.

சந்தையோடு சேர்ந்து இறங்கிய பங்கையும், தன் சொந்தக் கோளாறால் இறங்கிய பங்கையும் நீங்கள் ஒன்றாகப் பார்க்கிறீர்கள் என்று தோன்றுகிறது. முதல் வகைக்குப் பொறுமை பொருந்தும். அதற்கும் நீண்ட பொறுமை வேண்டும். 2007 அக்டோபரில் 3,800 புள்ளிகளைத் தாண்டிய, சிங்கப்பூரின் முக்கியப் பங்குக் குறியீடான ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் குறியீடு 2009 மார்ச்சில் 1,500க்கும் கீழே போனது. பழைய உச்சத்தைக் கடக்க அதற்கு 15 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று, இடையில் ஈவுத்தொகை வந்துகொண்டிருந்தது என்பதுதான் ஆறுதல். உங்கள் ரீட்டின் நிலை வேறு. வரிச்சலுகைக்காக வரிக்குரிய வருமானத்தில் குறைந்தது 90 விழுக்காட்டைப் பங்கிட்டுக் கொடுக்கும் அமைப்பு என்பதால் ரீட்டுகளிடம் கையிருப்பு அதிகம் சேர்வதில்லை. பெருந்தொற்றுக்குப் பின் அமெரிக்க அலுவலகங்கள் காலியாகி, 2022 முதல் வட்டியும் ஏறியபோது, கட்டட மதிப்பு குறையக் குறையக் கடன் விகிதம் (சொத்து மதிப்பில் கடனின் பங்கு) தானாகவே உயர்ந்தது. இப்படிச் சிக்கும் ரீட், ஈவை நிறுத்தும், கட்டடங்களை விற்கும், அல்லது உரிமைப் பங்கு (இருக்கும் முதலீட்டாளர்களுக்கே விற்கும் புதிய பங்கு) வெளியிட்டு உங்களிடமே மீண்டும் பணம் கேட்கும்.

சராசரி விலையைப் பொறுத்தவரை, இருக்கும் அளவுக்கே 16 காசில் மறுபடி வாங்கினாலும் சராசரி 48 காசாகும். அசல் திரும்பவே விலை மூன்று மடங்காக வேண்டும். அதற்காக, ஈவு தந்துகொண்டிருக்கும் வங்கிப் பங்கை விற்பதை நான் ஏற்கமாட்டேன். கையில் ரொக்கம் மட்டும் இருந்தால் இந்த ரீட்டை இன்று 16 காசுக்கு வாங்குவீர்களா? அண்மை அறிக்கையில் கடன் விகிதம், கடனைத் திருப்ப வேண்டிய தேதிகள், காலியிட விகிதம் ஆகியவற்றைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். வாங்கமாட்டேன் என்பது விடையானால், வைத்திருக்கவும் காரணமில்லை.

நட்டத்தில் விற்றால் வரி குறையும் என்று அமெரிக்க இணையத்தளங்களில் படித்திருந்தால், அது இங்கே பொருந்தாது. சிங்கப்பூரில் சாதாரண முதலீட்டாளரின் மூலதன லாபத்துக்கு வரி இல்லாததால், நட்டத்துக்கும் வரிக் கழிவு இல்லை.

மகளின் கட்டணம் தனிக் கணக்கு. இரண்டு ஆண்டுகளில் தேவைப்படும் தொகை எந்தப் பங்கிலும் இருக்கலாகாது, அது நல்ல வங்கிப் பங்கானாலும். ஆகவே வங்கிப் பங்கில் அந்த அளவை மட்டும் விற்பதை நான் தடுக்கமாட்டேன்; அந்தப் பணம் போக வேண்டிய இடம் ரீட் அன்று. 500 வெள்ளியிலிருந்து வாங்கக்கூடிய, எந்த மாதத்திலும் அசல் குறையாமல் திரும்பப் பெறக்கூடிய, அரசாங்கம் வெளியிடும் சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரங்களில் அதைப் போட்டுவையுங்கள்.