வெப்ப ஒளிர்வு வளைவை வைத்தே சிலிக்கேட் படிகத்தில் எந்தக் குறைபாடு இருக்கிறது என்று சொல்லிவிடலாமா?

வளைவை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. கதிர்வீச்சு பட்ட படிகத்தைச் சூடாக்கும்போது வரும் ஒளியை வெப்பநிலைக்கு எதிராக வரைந்தால் கிடைப்பதுதான் இந்த வளைவு; குறைபாடு என்பது படிகத்தின் அணு அடுக்கில் உள்ள பிசகு. கேள்வியில் "110 டிகிரி உச்சம் என்றால் இன்ன குறைபாடு" என்று அட்டவணை மாதிரி ஏதாவது கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படிப் படிக்கத் தொடங்கினால் முதல் கட்டுரையிலேயே தடுமாறிப் போவீர்கள்.

காரணம், ஒளி வருவதற்கு இரண்டு குறைபாடுகள் வேண்டும். கதிர்வீச்சில் பிய்ந்த எலெக்ட்ரான் ஒரு குறைபாட்டில் சிக்கிக்கொள்கிறது. சூடாக்கினால் அங்கிருந்து கிளம்பி, துளை (எலெக்ட்ரான் போனதால் ஏற்பட்ட காலியிடம்) சிக்கியிருக்கும் இன்னொரு குறைபாட்டில் போய்ச் சேர்கிறது. அங்கேதான் ஒளி பிறக்கிறது. உச்சத்தின் வெப்பநிலை முதல் குறைபாட்டின் ஆழத்தை, அதாவது அதிலிருந்து எலெக்ட்ரானை விடுவிக்கத் தேவையான ஆற்றலைக் காட்டும், ஒளியின் நிறம் இரண்டாவதைக் காட்டும். ஃபெல்ட்ஸ்பார் என்ற சிலிக்கேட் கனிமத்தில் 560 நானோமீட்டர் பக்கம் மஞ்சள்பச்சை தெரிந்தால் மாங்கனீசு, 700க்கு மேல் சிவப்பு தெரிந்தால் அலுமினிய இடத்தில் உட்கார்ந்த இரும்பு. இரண்டும் ஒரே வெப்பநிலையில்கூட ஒளிரலாம். அதனால் நிறமாலை இல்லாத அளவீட்டை நான் முழு அளவீடாகவே எண்ணுவதில்லை.

உச்சத்தின் வெப்பநிலையும் நிலையானது அல்ல. வேகமாகச் சூடாக்கினால் உச்சம் மேலே நகரும். எனவே வேகத்தைச் சொல்லாமல் உச்சத்தைச் சொல்வதில் பொருளில்லை.

ஆழத்தைக் கணக்கிட, வளைவு ஏறத் தொடங்கும் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளும் முறை எளிது. ஆனால் குவார்ட்ஸில் கவனம் வேண்டும். சூடு ஏற ஏற ஒளிரும் திறனே குறைந்துவிடும். இந்த வெப்பத் தணிப்பைத் திருத்தாமல் விட்டால், 300 டிகிரிக்கு மேலுள்ள உச்சங்களின் ஆழம் சுமார் 0.64 எலெக்ட்ரான்வோல்ட் குறைவாக வரும். சின்னப் பிழையே இல்லை இது.

சரி, குறைபாட்டின் பெயரை எப்படிக் கண்டுபிடிப்பது? இணையில்லாத எலெக்ட்ரான்களைக் காந்தப்புலத்தில் வைத்துக் கண்டறியும் எலெக்ட்ரான் சுழல் ஒத்ததிர்வு அளவீட்டையும் சேர்த்துச் செய்யுங்கள். மாதிரியைப் படிப்படியாகச் சூடாக்கி, எந்த உச்சம் காலியாகும்போது எந்த சிக்னல் குறைகிறது என்று பாருங்கள். சிலிக்கானின் இடத்தில் அலுமினியம் அமர்ந்த மையத்தை (அதாவது அந்தக் குறைபாட்டை) பார்க்க, திரவ நைட்ரஜன் குளிரில் அளக்க வேண்டும். ஆக்சிஜன் அணு இருக்கவேண்டிய இடம் காலியாகி, அங்கே ஒற்றை எலெக்ட்ரான் நிற்கும் ஈ-பிரைம் மையம் கொஞ்சம் ஏமாற்றும்: அதன் சிக்னல் 300 டிகிரி வரை கூடிக்கொண்டே போய், அப்புறம்தான் விழும். "சிக்னல் கூடுகிறதே, இதற்கும் ஒளிர்வுக்கும் தொடர்பில்லை" என்று அவசரப்பட்டு ஒதுக்கிவிடாதீர்கள்.

அப்புறம், நைட்ரஜன் சூழலிலேயே சூடாக்குங்கள். காற்றில் சூடாக்கினால் தூளின் மேற்பரப்பிலிருந்து வரும் போலி ஒளி, இல்லாத உச்சத்தைக் காட்டும்.